குழாயில் வருவதெல்லாம் குடிதண்ணீரா?



"எங்க பாட்டன் காலத்துல இருந்து இந்தப் பீலித் தண்ணியத்தான் குடிக்கிறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே!"

தண்ணீரைப் பற்றிப் பேச நாங்கள் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் காதில் விழும் வார்த்தை இதுதான். பாட்டன் காலத்தில் பீலிக்கு மேலே காடு இருந்தது. இன்று அதே இடத்தில் மரக்கறித் தோட்டமும் மாட்டுப் பட்டியும் இரண்டு லயத்து மலசலகூடக் குழிகளும் இருக்கின்றன. அதோடு, பாட்டன் காலத்தில் பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு வயது காணாமலே போனார்கள் என்பதைப் பாட்டியிடம் கேட்டால்தான் தெரியும். பாட்டன் அதைச் சொல்ல மாட்டார்.

டவுனுக்குப் பக்கத்துத் தோட்டங்களில் வேறொரு பேச்சு கேட்கிறது. "இப்பதான் போர்ட் லைன் வந்திருச்சே, மாசாமாசம் பில்லும் கட்டுறோம், இனி என்ன பயம்?" நீர் வழங்கல் சபையின் குழாய் வந்தது நல்ல காரியம்தான். ஆனால் காசு கட்டுவது குழாய்க்காக மட்டுமல்ல, அதற்குள் வரும் தண்ணீர் சோதிக்கப்பட்ட தண்ணீர் என்ற உறுதிக்காகவும்தான். அந்தச் சோதனையை யார் செய்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

கண்ணாடி மாதிரி இருந்தால் போதுமா?

தெளிவாக இருக்கும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று கண் சொல்கிறது. கண்ணை நம்பி நாம் கெட்டுப்போகும் இடம் இது. நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைச்சல், செங்கண்மாரி ஆகியவற்றைத் தரும் கிருமிகள் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கோப்பைத் தண்ணீரில் அவை ஆயிரக்கணக்கில் இருந்தாலும் தண்ணீர் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். வாடையும் வராது, ருசியும் மாறாது.

நம் நாட்டில் குடிநீருக்கு எழுதப்பட்ட ஓர் அளவுகோல் உண்டு. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் வெளியிட்ட எஸ்.எல்.எஸ். 614 என்பதே அது. 1983இல் முதலில் வந்தது, 2013இல் திருத்தப்பட்டது. சபைக் குழாய்த் தண்ணீரையும் பீலித் தண்ணீரையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். தோட்டத்துக்கு ஒன்று, டவுனுக்கு ஒன்று என்று இரண்டு அளவு கிடையாது.

அதில் பல பொருட்களுக்கு அளவு உண்டு. எல்லாவற்றையும் இங்கே எழுதினால் யாரும் வாசிக்க மாட்டீர்கள். நம் வீட்டுக்கு முக்கியமானது எதுவென்று கேட்டால், முதலிடம் ஈ. கோலை என்ற பற்றீரியாவுக்குத்தான். 100 மில்லிலீற்றர் தண்ணீரில், அதாவது ஒரு சின்னப் பிளேன்டீக் கோப்பை அளவில், இது ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஏன் இதை மட்டும் தேடுகிறார்கள்? தண்ணீரில் வரும் நோய்க்கிருமிகள் பல வகை. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுவதென்றால் காசும் போதாது, காலமும் போதாது. ஈ. கோலையோ மனிதரின் குடலிலும் ஆடு மாடுகளின் குடலிலும் எப்போதும் வாழ்கிறது. அதில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் அது தண்ணீரில் கிடைத்தால், மலம் அந்தத் தண்ணீரைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். திருடன் வந்துபோன காலடித் தடம் மாதிரி.

அடுத்தது கலங்கல். அதற்கு என்.ரி.யு. என்று ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். நம் அளவுகோல் 2 வரைதான் இடம் கொடுக்கிறது. வெறும் பார்வைக்காக இதை வைக்கவில்லை. கலங்கிய தண்ணீரில் கிருமி மண்துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், போட்ட குளோரீனையும் அழுக்கே தின்றுவிடும். மழை நாளில் தேத்தண்ணீர் நிறத்தில் வரும் தண்ணீருக்குக் குளோரீன் போட்டேன் என்று யாராவது சொன்னால், பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நைத்திரேற்று பற்றியும் ஒரு வார்த்தை. அதன் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். உரம் போடும் மலைக்குக் கீழே ஊற்று இருந்தாலும், மலசலகூடக் குழி பக்கத்தில் இருந்தாலும் இது கூடலாம். போத்தலில் பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்ப் பிள்ளை நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதை ஆய்வுகூடத்தில்தான் அறிய முடியும். மலைக்கு மருந்தடித்த டாங்கியைப் பீலியில் கழுவாதீர்கள் என்று நாங்கள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். சொல்லிக்கொண்டேயும் இருக்கிறோம்.

குளோரீன் என்ற காவற்காரன்

"மருந்து வாடை அடிக்குது, தேத்தண்ணி ருசியே கெட்டுப்போச்சு" என்று பல அம்மாமார் முறைப்பாடு செய்கிறார்கள். அந்த வாடை பிடிக்காமல், குளோரீன் போட வந்த தம்பியைத் திட்டி அனுப்பிய லயமும் உண்டு. அவர்கள் கோபத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். அளவு தெரியாமல் கையால் அள்ளிப் போட்டால் வாடை வரத்தான் செய்யும்.

அளவு என்ன? தோட்டங்களில் நாம் காணும் கறுப்புப் பிளாஸ்ரிக் டாங்கி ஒன்றில் 1000 லீற்றர் பிடிக்கும். அதில் 1 கிராம் குளோரீன் கரைத்தால் ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராம் வரும். ஆனால் கடையில் வாங்கும் பிளீச்சிங் தூள் முழுவதும் குளோரீன் அல்ல. புதிய தூளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குளோரீன். மூடி திறந்து கிடந்த தூளில் அதுவும் இருக்காது. 5000 லீற்றர் தொட்டிக்கு லீற்றருக்கு 2 மில்லிகிராம் போட வேண்டுமானால் 10 கிராம் குளோரீன் தேவை. அதற்கு நல்ல தூள் சுமார் 33 கிராம் வேண்டும். மூன்று மாதம் ஸ்டோரில் ஈரம் பட்டுக் கட்டியாய்ப் போன தூளை அதே 33 கிராம் போட்டுவிட்டு "போட்டாச்சு" என்று கொப்பியில் எழுதுவது, போடாமல் விட்டதற்குச் சமம்.

போட்ட குளோரீன் உடனே வேலை செய்வதில்லை. அரை மணித்தியாலமாவது தண்ணீரோடு கலந்து நிற்க வேண்டும். அழுக்கோடும் கிருமியோடும் சண்டை போட்டபின் மிச்சம் இருப்பதைத்தான் எஞ்சிய குளோரீன் என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது என்னவென்றால், அரை மணித்தியாலம் கழித்து லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும், வீட்டுக் குழாய்க்கு வரும்போது 0.2க்குக் குறையக் கூடாது. மேல்பக்கம் நம் அளவுகோல் 1 மில்லிகிராமைத் தாண்ட விடாது. ஆகவே அந்த இலேசான வாடை கெட்ட சகுனம் அல்ல. காவற்காரன் இன்னும் விழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம்.

இதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. டி.பி.டி. என்ற குளிசை ஒன்றைச் சிறு குப்பித் தண்ணீரில் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறத்தைப் பக்கத்து அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லலாம். நிறமே வராவிட்டால் குளோரீன் இல்லை. (குளோரீன் மிக மிகக் கூடிப்போனாலும் நிறம் வெளுத்துவிடும். அப்போது மூக்கே சொல்லிவிடும்.) பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காம்பராவுக்குள் மஞ்சள் பல்புக்குக் கீழே பார்த்தால் எல்லா நிறமும் ஒன்றுதான்.

கிருமிச் சோதனை அப்படியல்ல. கிருமி நீக்கிய போத்தலில் தண்ணீர் பிடிக்க வேண்டும். போத்தலுக்குள் ஒரு துளி மருந்து இருக்கும். அது குளோரீனை முறிப்பதற்காக வைத்தது. "போத்தல் அழுக்கா இருக்கே" என்று அதைக் கழுவிவிட்டால் சோதனை பிழைத்துவிடும். பிடித்த தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் 6 மணித்தியாலத்துக்குள், எப்படியும் 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். அங்கே கிருமி வளர்ந்து தெரிய இன்னும் ஒரு நாளாவது ஆகும். முடிவு நம் கைக்கு வரும்போது அந்தத் தண்ணீர் நம் வயிற்றைக் கடந்து போயிருக்கும். அதனால்தான் கிருமிச் சோதனையை மாதா மாதம் செய்தாலும், குளோரீனை நாள்தோறும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். 5000 பேருக்குக் குறைந்த ஒரு குழாய்த் திட்டத்துக்கு வருடம் 12 கிருமிச் சோதனையாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

கனடாவில் ஒரு சிற்றூர்

இதெல்லாம் ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைக்கிறவர்களுக்காக, கனடாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஒன்டாரியோ மாகாணத்தில் வோக்கர்ட்டன் என்று ஒரு சிற்றூர். 2000ஆம் ஆண்டில் அங்கே 4800 பேரளவில் இருந்தார்கள். நம் பெரிய தோட்டம் ஒன்றின் சனம்தான். ஊர்ச் சபையின் நீர் வழங்கல் பகுதி கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்து, குளோரீன் போட்டு, குழாயில் கொடுத்தது. சட்டம் இருந்தது, அளவுகோல் இருந்தது, ஆய்வுகூடம் இருந்தது.

அந்த வருடம் மே மாதத்தில் அடைமழை. ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குப் பக்கத்துப் பண்ணையில் போட்டிருந்த மாட்டெரு மழையோடு நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றில் கலந்தது. ஈ. கோலையில் O157 என்ற கொடிய வகை ஒன்று உண்டு. அதுதான் குழாய்க்குள் வந்தது.

குளோரீன் சரியாகப் போட்டிருந்தால் அது அங்கேயே செத்திருக்கும். ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் பல வருடமாகவே குறைவாகத்தான் போட்டு வந்தார்கள். வாடை அடிக்கிறது என்று ஊர்ச்சனம் முறையிட்டது ஒரு காரணம். கிணற்றுத் தண்ணீர் நல்ல ருசி, நாங்களே அப்படியே குடிக்கிறோமே என்று அவர்கள் நம்பியது இன்னொரு காரணம். நாள்தோறும் குளோரீனை அளக்க வேண்டிய இடத்தில் அளக்காமலே 0.5 என்றும் 0.75 என்றும் கொப்பியில் எழுதி வைத்தார்கள். சோதனைக்கு அனுப்பிய போத்தல்களில் எந்த இடத்துத் தண்ணீர் என்பதைக்கூடப் பொய்யாக எழுதினார்கள்.

மே 15ஆம் திகதி எடுத்த தண்ணீர் ஆய்வுகூடம் போனது. 17ஆம் திகதி முடிவு வந்துவிட்டது, தண்ணீர் கெட்டிருக்கிறது என்று. அந்தக் கடுதாசி யாருக்குப் போனது? நீர் வழங்கல் பகுதியின் முகாமையாளருக்கு மட்டும். சுகாதார அதிகாரிக்கும் அறிவிக்க வேண்டும் என்று அப்போது ஆய்வுகூடத்துக்குச் சட்டக் கட்டாயம் இருக்கவில்லை. முகாமையாளர் யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்து நகர வைத்தியசாலையில் குழந்தை மருத்துவர் ஒருவர், இரத்தமாய்ப் போகும் வயிற்றோட்டத்தோடு வந்த பிள்ளைகளைக் கண்டு சந்தேகப்பட்டுச் சுகாதாரப் பகுதிக்கு அறிவித்தார். சுகாதாரப் பகுதியினர் தொலைபேசியில் கேட்டபோது, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே பதில் கிடைத்தது. 21ஆம் திகதிதான், அதுவும் சுகாதார அதிகாரி தானாக முடிவெடுத்து, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று ஊருக்கு அறிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 7 பேர் இறந்தார்கள். 2300 பேரளவில் நோயில் விழுந்தார்கள். பிள்ளைகள் சிலருக்குச் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டது.

நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை நடந்து 2002இல் அறிக்கை வந்தது. வேலை செய்தவர்களின் குற்றத்தோடு நிற்காமல், அவர்களைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்காததையும் அது எடுத்துச் சொன்னது. எங்களுக்கு இந்தக் கதையில் மறக்க முடியாதது அந்த நான்கு நாட்கள்தான். உண்மை எழுதிய கடுதாசி ஒரு மேசையில் கிடந்தது. ஊர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

நம் பக்கம் யார் பார்ப்பது?

தண்ணீர் கொடுப்பவர் தானே சோதிக்க வேண்டும். அது அவர் கடமை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குப் பிரதேசங்களில் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. ஆனால் சமைத்தவரே ருசி பார்த்துச் சொன்னால் போதாது. இன்னொரு கண் வேண்டும். அந்தக் கண் சுகாதாரத் திணைக்களத்தினுடையது. சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் வேலை செய்யும் பி.எச்.ஐ. ஐயா, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குழாய்களில் தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம். தோட்டத்துச் சொந்த பீலித் திட்டமானால் பொறுப்பு தோட்ட நிர்வாகத்துக்கும் நீர்க் குழுவுக்கும் உண்டு. அங்கேயும் பி.எச்.ஐ. ஐயாவை அழைக்கலாம். அழைக்காவிட்டால் அவருக்கு ஒவ்வொரு டிவிசனாக ஏறி இறங்க எங்கே நேரம்?

எங்கே தண்ணீர் எடுப்பது என்பதில்தான் பல இடங்களில் பிழை நடக்கிறது. நாங்கள் போன ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. மேற்பிரிவில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம். தொட்டியடியில் தண்ணீரைப் பார்த்தோம், குளோரீன் சரியாக இருந்தது. "பாத்தீங்களா, தண்ணியில குறை இல்ல" என்றார்கள். அப்போது ஒரு பெரியம்மா, "ஐயா, தொட்டியில யாரு குடிக்கிறா? எங்க காம்பராவுக்கு வந்து பாருங்க" என்றார்.

போனோம். கடைசி லயம், தொங்கல் காம்பரா. அந்தக் குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். குளிசை போட்டோம், நிறமே வரவில்லை. சின்னப் போத்தல் சோதனை ஒன்றும் வைத்தோம். மலம் கலந்த தண்ணீரானால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும் வகை. மறுநாள் காலையில் தார் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. அது முன்னறிவிப்புத்தான், முடிந்த தீர்ப்பு அல்ல. ஆய்வுகூட முடிவும் பிறகு அதையே சொன்னது.

தொட்டிக்கும் தொங்கல் காம்பராவுக்கும் நடுவில் என்ன நடந்தது? குழாய் ஒரு கானுக்குள்ளால் போகிறது. அங்கே பொருத்து வெடித்துக் கசிகிறது. தண்ணீர் ஓடும்போது உள்ளிருந்து வெளியே கசியும். தண்ணீரை நிறுத்தியதும் குழாய் வெறுமையாகி, கானில் நிற்கும் அழுக்கை உள்ளே உறிஞ்சும். அடுத்த முறை திறக்கும்போது முதலில் வருவது அந்தக் கான் தண்ணீர்தான். நிற்காமல் ஓடும் குழாயை விட, விட்டு விட்டு வரும் குழாய் ஆபத்தானது என்பது இதனால்தான். ஆகவே சோதனைக்கு வருகிறவர்களிடம் தொட்டியில் மட்டும் எடுக்க வேண்டாம், தொங்கலிலும் எடுங்கள் என்று கேளுங்கள். பிள்ளைக் காம்பராக் குழாயையும் பள்ளிக்கூடக் குழாயையும் மறக்க வேண்டாம்.

சோதித்துவிட்டுப் போனவர்கள் முடிவைச் சொல்வதில்லை என்பது பல தோட்டங்களின் குறை. "போத்தல்ல புடிச்சிக்கிட்டுப் போனாங்க, அவ்வளவுதான்." முடிவைக் கேட்டுப் பெற வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச நிறுவனத்திடம் எந்தப் பிரசையும் தகவல் கேட்கலாம். நீர் வழங்கல் சபையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் இதற்குள் வரும். அங்குள்ள தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். "எங்கள் லயத்துக்கு வரும் தண்ணீரில் கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை, எந்தக் குழாயில், எந்தத் திகதியில் சோதனை நடந்தது, ஈ. கோலையும் எஞ்சிய குளோரீனும் எவ்வளவு" என்று நேராகக் கேளுங்கள். "தண்ணீர் நல்லதா?" என்று கேட்டால் "நல்லது" என்று ஒரு வரியில் பதில் வரும்.

அதுவரை கொதிக்க வைத்துத்தான் ஆக வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், ஆனாலும் கிருமி சாகும். கொதித்த தண்ணீரை அதே பாத்திரத்தில் மூடி வைத்து ஆறவிடுங்கள், வேறு குடத்துக்கு மாற்றி நீத்தண்ணீர் கலக்காதீர்கள். இதை எழுதும்போதே எங்களுக்குத் தெரியும், விறகு சுமப்பது யார் முதுகு என்று. எட்டு மணித்தியாலம் கொழுந்துக் கூடை சுமந்த அதே முதுகுதான். குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் அந்தச் சுமையில் ஒரு பங்கு குறையும். அதனால்தான் சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள் என்று இத்தனை வற்புறுத்துகிறோம்.

அந்த மேற்பிரிவில் இப்போது கானுக்குள்ளிருந்த குழாயை மேலே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். தொங்கல் காம்பராப் பெரியம்மாவின் பேத்தி, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை, தினமும் காலையில் குளிசை போட்டுப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறது. திகதி, நேரம், குளோரீன், கலங்கல், முதல் நாள் மழை பெய்ததா இல்லையா, அவ்வளவுதான். குளிசையை நீர்க் குழு வாங்கிக் கொடுக்கிறது. கடந்த ஐப்பசி மழையில் இரண்டு நாள் தொடர்ந்து "0" என்று எழுதியிருந்தது. முதல் நாளே குழுத் தலைவருக்கும் பி.எச்.ஐ. ஐயாவுக்கும் போன் போயிருக்கிறது. லயம் முழுவதும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி, மூன்றாம் நாள் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். குளோரீன் சொட்டும் குழாயை மண் அடைத்திருந்தது. துப்புரவாக்கியபின் நாலாம் நாள் பக்கத்தில் 0.3 என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை நாங்கள் போனில் படம் எடுத்துக்கொண்டோம். இப்போது இரண்டாவது கொப்பி ஓடுகிறது.